வார்டில் வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. இரண்டு வாரத்துக்கு முன் விடியற்காலை மோட்டாரில் வேலைக்குப் போகும்போது பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் காடி மோதிவிட்டு நிற்காமல் ஓடிவிட்டது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஒட்டுக்கடை அண்ணன் பிளேட்டின் முன் எழுத்துகளையும் கடைசி இரண்டு எண்ணையும் பார்த்திருக்கிறார். மறுநாளே வார்டுக்கு ஒருவர் வந்து, லாயர் ஆபீஸ் ஆள் என்று சொல்லி, "ஜெயித்தால் முப்பது பெர்சன்ட், தோற்றால் ஒரு காசு வேண்டாம்" என்று கணவரிடம் கையெழுத்து வாங்கிப் போனார். பின் விளக்கு எரியவில்லை என்பதை வெளியில் சொல்லாதீர்கள் என்றும் சொன்னார். இவரையே வைத்துக்கொள்ளலாமா? உடைந்த மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறார் மாமியார்.

பதில்:

வேண்டாம், தங்கச்சி. அந்த ஆளை விட்டுவிடுங்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

லாயர் காடியைத் தேடிப் பிடிக்க மாட்டார், அது போலீஸ் வேலை. மோதிய ஆள் மீது வழக்குப் போட தீபகற்ப மலேசியாவில் 6 வருடம் வரை நேரம் உண்டு, ஆனால் கடை வாசலில் மாட்டியிருக்கும் சிசிடிவி பழைய பதிவை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிந்துகொண்டே போகும், இரண்டு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், சில இடத்தில் ஏற்கெனவே போயிருக்கும். அதனால் இன்றைக்கே தம்பியையோ கொழுந்தனாரையோ கூட்டிக்கொண்டு அந்தச் சாலையில் காடி ஓடிய பக்கமாக நடந்து போங்கள். பெட்ரோல் ஸ்டேஷன், சீனர் பட்டறை, பள்ளிக்கூட கேட், வாசலில் கேமரா மாட்டிய வீடு, எல்லா இடத்திலும் கேளுங்கள். அதே நேரத்தில் வழக்கமாகப் போகும் செம்பனைக் குலை லோரிக்காரர்களிடமும் கேளுங்கள், டேஷ்கேம் வைத்திருப்பார்கள். கிடைத்தால் போனில் எடுத்து வைத்துக்கொண்டு போலீஸ் விசாரணை அதிகாரிக்கும் (ஐ.ஓ.) கொடுங்கள்.

போலீஸ் ரிப்போட் யார் கொடுத்தது, அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் கிடக்கிறவர் எப்படிக் கொடுப்பார், அதற்காகப் பயப்பட வேண்டாம். அவசரத்தில் யாரோ கொடுத்ததில் "நம்பர் தெரியாது" என்று மட்டும் இருந்தால் ஒட்டுக்கடை அண்ணனைக் கூட்டிப் போய் அவர் பார்த்ததை அவர் வாயாலேயே இன்னொரு ரிப்போட்டாகப் போடச் சொல்லுங்கள். பார்த்தது மட்டும், ஊகம் வேண்டாம். முன் எழுத்தும் கடைசி இரண்டு எண்ணும் நிறமும் தெரிந்தாலே ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா பதிவில் தேட வேண்டிய வண்டிகள் வெகுவாகக் குறைந்துவிடும். ஐ.ஓ. பெயரையும் ரிப்போட் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, வாரம் ஒரு முறை போய்க் கேளுங்கள். தொல்லை என்று நினைக்காதீர்கள், கேட்காத கேஸ்தான் அடியில் போய்விடும்.

இனி சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். இதற்கு லாயரே வேண்டாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தையும் சொக்சோ வேலை விபத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். காடி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் வரும். எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) குறைந்தது 4 நாள் இருந்தால் தற்காலிக இயலாமைக்குச் சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு, உங்கள் கணவருக்கு மாதக்கணக்கில் எம்சி இருக்கும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும், ஆலை ஆபீசில் போய் விபத்தைத் தெரிவிக்கும் பாரம் 34 அனுப்பினார்களா என்று கேளுங்கள். குத்தகைக்காரர் கீழ் வேலை என்றால் சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்திருக்கிறதா பாருங்கள். பிடிக்கவில்லை என்றாலும் சும்மா இருக்காதீர்கள், நேரே ஈப்போ சொக்சோ ஆபீசுக்குப் போங்கள். எம்சி ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள்.

சரி, அந்த வார்டு ஆளுக்கு வருவோம்.

ரன்னர் என்று சொல்வார்கள். விபத்தில் அடிபட்டவர்களைத் தேடிப் பிடித்து லாயர் ஆபீசுக்குக் கொண்டு போய்க் கொடுத்துக் கமிஷன் வாங்கும் ஆட்கள். இப்படி ஆள் விட்டுக் கேஸ் பிடிக்க வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை. "ஜெயித்தால் இத்தனை பெர்சன்ட், தோற்றால் ஒன்றுமில்லை" என்ற ஒப்பந்தத்தையும் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டுப் படத்தில் பார்த்துவிட்டு நம் ஊரிலும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் பேச்சிலேயே சட்டத்தை மீறுகிற ஆபீஸ் உங்கள் செக் வரும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். என் சொந்த அண்ணன் இப்படித்தான் வார்டில் கையெழுத்துப் போட்டார். நாலு வருடம் கழித்து பணம் வந்தது, மொத்தம் வந்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, அந்த லாயரின் முகத்தை அவர் இன்றுவரை பார்த்ததில்லை.

போட்ட கையெழுத்து அநேகமாக வாரண்ட் டு ஆக்ட் என்ற தாளாக, அதாவது உங்களுக்காகச் செயல்பட லாயருக்குக் கொடுக்கும் அனுமதியாக இருக்கும். அது ஆயுள் தண்டனை இல்லை. லாயரை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. "இனி எங்களுக்காக நீங்கள் செயல்பட வேண்டாம், கையெழுத்திட்ட தாள்களின் நகல் வேண்டும்" என்று கணவர் கையெழுத்தோடு எழுதி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். இதுவரை நிஜமாகச் செய்த வேலைக்குச் செலவு கேட்டால் கணக்கோடு கேட்கட்டும்.

புது லாயரை ஈப்போ அல்லது கோலகங்சார் பக்கமே பாருங்கள். விபத்து வழக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் கோர்ட்டிலேயே நடக்கும், கோலாலம்பூர் பெரிய ஆபீஸ் எதற்கு. வழக்கறிஞர் மன்ற இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் அவர் பதிவில் இருக்கிறாரா என்று தெரியும். போய் உட்கார்ந்து, ரன்னிங் டவுன் கேஸ் (சாலை விபத்து வழக்கு) செய்திருக்கிறீர்களா, கோர்ட்டில் நீங்களே நிற்பீர்களா, கட்டணம் எவ்வளவு, மருத்துவ அறிக்கைக்கும் போலீஸ் வரைபடத்துக்கும் ஆகும் செலவு யார் தலையில் என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்க முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கையில் காசில்லை என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள், கட்டணத்தைக் கேஸ் முடிந்தபின் வாங்கிக்கொள்ள ஒத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

காடி கிடைத்தால் பணம் கொடுக்கப் போவது பெரும்பாலும் அதன் காப்புறுதி நிறுவனம்தான். வழக்குப் பதிவதற்கு முன்போ, பதிந்த 7 நாளுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் போக வேண்டும், அனுபவமில்லாதவர்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் கோட்டை விடுவார்கள். காடிக்குக் காப்புறுதியே இல்லை என்றால் மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் பீரோவிடம் போகலாம். காடி கிடைக்கவே இல்லை என்றாலும் அங்கே விண்ணப்பிக்கலாம், ஆனால் அது அவர்கள் மனமிரங்கிக் கொடுக்கும் தொகை, சண்டை போட்டு வாங்க முடியாது. அதனால்தான் "காடி கிடைக்காவிட்டாலும் பெரிய காசு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்கிறேன்.

பின் விளக்கு விஷயம். உங்கள் லாயரிடம் சொல்லிவிடுங்கள், மறைக்கவே வேண்டாம். அதனால் கேஸ் செத்துவிடாது. உங்கள் பக்கமும் கொஞ்சம் தவறு என்று நீதிபதி நினைத்தால் அந்தப் பங்கைக் கழிப்பார், ஒரு லட்சம் வெள்ளியில் இருபது விழுக்காடு என்றால் எண்பதாயிரம் மிச்சம். மறைத்துக் குறுக்கு விசாரணையில் மாட்டினால் அதற்குப் பிறகு கணவர் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

கணவர் ஞாயிற்றுக்கிழமை குலை வெட்டவோ புல் வெட்டவோ போய்க் கைக்காசு வாங்கியிருந்தால், கொடுத்தவரிடம் மாதம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வருமான இழப்பைக் காட்டத் தாள் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வேன் வைத்துப் போன காசுக்கும் அப்படியே.

மாமியாரிடம் மோட்டாரைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். போலீஸ் பார்த்து முடித்துத் திருப்பிக் கொடுத்ததா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில்தான் இருக்கிறது என்றால் மழை படாத இடத்தில் ஒரு கன்வாஸ் போட்டு மூடி வையுங்கள், கழுவாதீர்கள். பின் மட்கார்டைப் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுங்கள். வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்காமல் ஐ.ஓ.வைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.