மனநல நிபுணர் சாட்சி: கேள்வி பதில்

ரேவதி (இளநிலை வழக்கறிஞர்): சார், மருத்துவ உளவியலாளர் சொல்வது கோர்ட்டில் நிற்குமா? மனநல மருத்துவர்தான் வர வேண்டும் என்கிறார் சீனியர்.

நிற்கும். பாரதிய சாக்ஷிய அதினியம் 39ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 45) தனித் தேர்ச்சியைத்தான் கேட்கிறது, குறிப்பிட்ட பட்டத்தை அல்ல. ஆனாலும் எதிர்த்தரப்பு முதலில் கைவைப்பது தகுதியில்தான். எம்.ஃபில். விவரம், இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண் இரண்டும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். மருந்து பற்றிய கேள்விக்கு உங்கள் சாட்சி பதில் சொல்லவே கூடாது. அது மருத்துவரின் எல்லை.

குமரன்: மனச்சிதைவு என்று சான்றிதழ் இருந்தால் கொலை வழக்கில் விடுதலைதானே?

இல்லை. நோய் இருப்பது மட்டும் போதாது. பாரதிய நியாய சன்ஹிதா 22 (பழைய இ.பி.கோ. 84) கேட்பது, செயலைச் செய்த அந்த நேரத்தில் அதன் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பதை. 1964இல் தாஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நேரத்தைத்தான் முக்கியமாகச் சொன்னது. நிரூபிக்கும் பொறுப்பு எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு. ஆனால் சாத்தியக்கூறு அவர் பக்கம் சாய்ந்தாலே போதும், அரசுத் தரப்பைப் போல ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆறு மாதம் கழித்து சிறையில் அவரைப் பார்க்கும் நிபுணர் அந்த நாளை எப்படி எட்டுவார்? சம்பவத்துக்கு முந்தைய ஓ.பி. சீட்டுகள், மாத்திரை நிறுத்திய தேதி, கைதின்போது நடந்த மருத்துவப் பரிசோதனை, சிறை மருத்துவர் குறிப்பு, வீட்டாரிடம் தனித்தனியாகப் பேசியது எல்லாம் வேண்டும். ஆயுதத்தை மறைத்தாரா, ஓடினாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா என்பதையும் விடக்கூடாது. எதிரி வாயால் கேட்டதை மட்டும் வைத்து எழுதிய அறிக்கை குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாங்காது.

இன்னொன்று: விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி வேறு கேள்வி. அது இன்றைய மனநிலையைப் பற்றியது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 367, 368இல் வரும். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

ஷாஹிதா (உளவியல் மாணவி): மேற்கத்திய டெஸ்ட்களைத் தமிழில் வாய்மொழியாக மாற்றிக் கேட்கலாமா?

கேட்டால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இல்லை. நம் மக்களுக்கு நியமம் (மதிப்பெண்ணை ஒப்பிடும் அளவு) வகுத்த கருவியைத் தேடுங்கள். அறிவுத்திறனுக்கு பினே-காமத் போல. வெவ்வேறு நாட்களில் குறைந்தது இரண்டு அமர்வு வேண்டும். தூக்க மாத்திரை கொடுத்திருந்தார்களா, அறைக்குள் காவலர் நின்றாரா என்பதையும் பதியுங்கள். நோய் இருப்பதாக நடிக்கிறாரா என்று சோதிக்காமல் விட்டால் அதுவே முதல் கேள்வியாக வரும். மூல விடைத்தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

பெயர் வேண்டாம்: என்னிடம் சிகிச்சை பெறுபவரின் விவாகரத்து வழக்கில், குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று எழுதித்தரக் கேட்கிறார்கள்.

எழுதாதீர்கள். அந்தக் குழந்தையையும் மற்ற பெற்றோரையும் நீங்கள் மதிப்பிடவே இல்லை. சம்மன் வந்தால் சிகிச்சையில் கண்டதை மட்டும் சொல்லலாம்.

பிரபு: நார்கோ டெஸ்ட்?

2010, செல்வி வழக்கு: சம்மதம் இல்லாமல் கூடாது. சம்மதித்தாலும் அந்த முடிவு தானாகச் சாட்சியம் ஆகாது.

ரேவதி: "ஆம், இல்லை மட்டும் சொல்லுங்கள்" என்று குறுக்கு விசாரணையில் சாட்சியை மடக்கினால்?

நீதிபதியைப் பார்த்து, "ஒரு சொல்லில் சொன்னால் தவறான பொருள் வரும், விளக்க அனுமதி வேண்டும்" என்று கேட்கட்டும். மறுத்தால் வாதாடக் கூடாது. நீங்கள் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு குறுக்கு விசாரணைக்குப் பின் நீங்களே கேட்கும் மறு விசாரணையில் திறந்துவிடுங்கள். குறிப்பைப் பார்த்துச் சொல்ல அனுமதி உண்டு. ஆனால் பார்த்த குறிப்பை எதிர்த்தரப்பும் கேட்டு வாங்கிப் படிக்கலாம், ஆகவே ஓரத்தில் கிறுக்கியது எதுவும் அதில் இருக்க வேண்டாம்.