பசை எது, துணி எது: ஒட்டுக்கறை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

துணியில் பசை ஒட்டிக்கொண்டது குறித்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை, அதை எப்படி எடுப்பது என்று மட்டுமே கேட்கின்றன. எந்தப் பசை, எந்தத் துணி என்ற இரண்டு விவரங்களும் தெரியாமல் பொறுப்பான பதில் சொல்ல இயலாது. வெள்ளைக் கோந்து தண்ணீரில் இளகும். ஸ்டிக்கர் பசை எண்ணெயில் இளகும். சூப்பர் க்ளூவுக்கு அசிட்டோன் வேண்டும். அந்த அசிட்டோனோ சில துணிகளையே கரைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு பதிலிலும் பசையின் தன்மையை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே செய்முறைக்கு வருகிறேன்.

கேள்வி: புதிய சட்டையில் இருந்த அளவு ஸ்டிக்கரை எடுக்க மறந்து அப்படியே துவைத்துவிட்டேன். தாள் போய்விட்டது, பசை மட்டும் சதுரமாக நின்றுவிட்டது. சுடுதண்ணீரில் ஊறவைத்தும் பயனில்லை. தூசி படிந்து இப்போது கறுத்துவருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்டிக்கரில் இருக்கும் பசை மற்றப் பசைகளைப் போல உலர்ந்து இறுகுவதில்லை. அழுத்தினால் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும்படி அது தயாரிக்கப்படுகிறது. தூசியையும் நூல்பிசிறையும் பிடித்துவைத்துக்கொண்டு அது கறுத்துப்போவதற்குக் காரணம் இதுதான். தண்ணீர் அதைக் கரைக்காது. சூடோ அதை மேலும் இளக்கி இழைகளுக்குள் இறக்கிவிடும். எனவே சுடுதண்ணீரையும் இஸ்திரிப் பெட்டியையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

முதலில், செல்லோடேப்பின் ஒட்டும் பக்கத்தை அந்த இடத்தில் அழுத்தி, வெடுக்கென்று இழுத்தெடுங்கள். பசை பசையோடு ஒட்டி, மேல்படலம் கணிசமாக வந்துவிடும். நாலைந்து முறை இப்படிச் செய்த பிறகு, மீதமிருக்கும் பசையின் மேல் மட்டும் சில துளி சமையல் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். எண்ணெய் பசைக்குள் ஊறி அதன் பிடியைத் தளர்த்தும். பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் விளிம்பால் ஒரே திசையில் மெதுவாக வழித்தால், பசை சிறு சிறு திரிகளாகச் சுருண்டு வருவதைக் காண்பீர்கள். திரி திரளாமல் இழுபட்டால் எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கவில்லை என்று பொருள். மேலும் சிறிது நேரம் காத்திருப்பதே நல்லது.

இதற்குப் பிறகுதான் பலரும் தவறிவிடுகிறார்கள். எண்ணெய்ப் பட்ட துணியை நேராகத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவத்தை உலர்ந்த துணியில், எண்ணெயின் மேலேயே ஊற்றி, விரல் நுனியால் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு, அதன் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர் முந்திக்கொண்டால் சோப்பு நீர்த்துவிடும். எண்ணெயுடன் நேரடியாகக் கலக்கும் வாய்ப்பும் குறைந்துவிடும். எண்ணெய் முழுவதும் போய்விட்டது என்று உறுதியாகும்வரை அந்தச் சட்டையை டிரையரில் போட வேண்டாம். தாவர எண்ணெய் ஊறிய துணி சூடேறிக் குவிந்து கிடக்கும்போது, எண்ணெய் காற்றுடன் வினைபுரிந்து தானாகவே வெப்பம் கூடித் தீப்பிடிக்க இடமுண்டு.

வீட்டில் யூகலிப்டஸ் தைலம் இருந்தால் சமையல் எண்ணெயைவிட அதையே பரிந்துரைப்பேன். அது பசையை விரைவாக இளக்குகிறது. பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் எண்ணெய்க் கறையும் குறைவாகவே நிற்கும்.

கேள்வி: பருத்திக் கால்சட்டை அணிந்திருந்தபோது முழங்காலில் சூப்பர் க்ளூ சிந்தியது. அந்த இடம் சட்டென்று சுட்டது. புகை வந்ததுபோலவும் இருந்தது. இது இயல்பானதா? இப்போது கல்லாக இறுகியிருக்கும் பசையை எடுக்க முடியுமா?

பதில்: நீங்கள் கண்டது கற்பனையல்ல. சூப்பர் க்ளூவின் மூலப்பொருள் சயனோஅக்ரிலேட். 1942ஆம் ஆண்டு ஹாரி கூவர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் இதனைக் கையாண்டபோது, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்பதனாலேயே ஒதுக்கிவைத்தார்கள். அதே குணத்துக்காக 1958இல் அது பசையாக விற்பனைக்கு வந்தது. மிகச் சிறிய அளவு ஈரம் கிடைத்தாலும் அது இறுகத் தொடங்கும். இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். உலர்ந்ததுபோல் தோன்றும் பருத்தித் துணியிலும் எடையில் சுமார் 7 முதல் 8 சதவீதம் ஈரப்பதம் இருக்கிறது. நுண்ணிய இழைகளின் பரப்பும் மிக அதிகம். எனவே பருத்தியில் ஊறிய சூப்பர் க்ளூ ஒரே நேரத்தில் வேகமாக இறுகி, தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறக்கூடும். கம்பளியிலும் இதே ஆபத்து உண்டு. இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால், துணியால் ஒற்றியெடுக்க முயல வேண்டாம். அந்த இடத்தில் நிறையக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தளர்த்துங்கள். தோல் சிவந்து கொப்பளித்திருந்தால் அது தீக்காயமே. மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

இறுகிய பசைக்கு வருவோம். இதை இளக்கும் வீட்டுப் பொருள் அசிட்டோன். அதாவது, அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர். பருத்தி இழைக்கு அதனால் சேதமில்லை. ஆனால் சாயம் கழன்று வரலாம். ஆகவே உள்பக்கத் தையல் மடிப்பில் ஒரு துளி வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறவில்லை என்றால் தொடரலாம். கால்சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, பசை பட்ட இடம் கீழே இருக்கும்படி ஒரு வெள்ளைத் துணிமடிப்பின் மேல் வையுங்கள். பஞ்சை அசிட்டோனில் நனைத்துப் பின்புறமிருந்து அழுத்திப் பிடியுங்கள். பசையின் ஓரம் முதலில் வெளுத்து, பிறகு கூழ்போல் இளகும். இளகிய அளவை மட்டும் வழித்தெடுத்து, அடியில் உள்ள துணியை மாற்றி, மீண்டும் தொடருங்கள். தடித்த பசைக்கு இது ஒரு மணி நேர வேலைகூட ஆகலாம். நடுவில் பொறுமையிழந்து இழுத்தால் பசையோடு நூலும் அறுந்து வரும்.

அசிட்டோன் மிக எளிதில் தீப்பற்றும். மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே அது தீப்பிடிக்கக்கூடிய ஆவியை வெளிவிடத் தொடங்குகிறது. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் எரியாத இடத்தில் வேலை செய்யுங்கள். துணி முழுவதும் உலர்ந்து வாசனை போன பிறகே சலவை இயந்திரத்தில் போட வேண்டும்.

கேள்வி: அசிட்டோன் இல்லாத நெயில் பாலிஷ் ரிமூவரும் அதே வேலையைச் செய்யுமா?

பதில்: சூப்பர் க்ளூவைப் பொறுத்தவரை, செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் போன்ற வேறு கரைப்பான் இருக்கும். இறுகிய சூப்பர் க்ளூவில் அதன் வேகம் குறைவு. பெயரைப் பார்த்து அது எல்லாத் துணிகளுக்கும் பாதுகாப்பானது என்றும் நினைத்துவிடக் கூடாது. எந்த வகையை வாங்கினாலும் நிறமும் எண்ணெயும் சேர்க்காததாகப் பாருங்கள். இல்லாவிட்டால் பசையை எடுத்த இடத்தில் புதிய கறை வந்து நிற்கும்.

கேள்வி: அசிட்டோனை எந்தத் துணியில் பயன்படுத்தவே கூடாது?

பதில்: அசிட்டேட், ட்ரைஅசிட்டேட், மோடாக்ரிலிக் என்று துணியின் லேபிளில் இருந்தால் அசிட்டோன் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். அசிட்டேட் இழை அசிட்டோனில் கரையும். பசை இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும். கோட்டுகளின் உள்ளே தைக்கப்படும் பளபளப்பான உள்துணி பல நேரங்களில் அசிட்டேட்டாகவே இருக்கும் என்பதால், வெளித்துணி கம்பளியாக இருந்தாலும் உள்துணியின் லேபிளையும் படியுங்கள். சட்டையில் பிளாஸ்டிக் அச்சுப் படம் இருந்தால் அதன் அருகிலும் அசிட்டோன் ஆகாது. பட்டு, கம்பளி ஆகியவற்றின் இழைகள் அசிட்டோனைத் தாங்கும். ஆனால் அவற்றின் சாயத்தை நம்ப முடியாது. விலைமதிப்புள்ள துணி என்றால், வீட்டில் எதையும் முயலாமல், பசையின் பெயரைக் குறித்துக்கொண்டு உலர்சலவை செய்பவரிடம் கொடுப்பதே சரி.

கேள்வி: குழந்தையின் உடையில் வெள்ளைக் கோந்து காய்ந்துவிட்டது, இன்னொரு உடையில் ஸ்லைம் என்ற இழுபடும் விளையாட்டுப் பொருள் ஒட்டிக் கிடக்கிறது. இரண்டுக்கும் ஒரே வழி போதுமா?

பதில்: வழி ஒன்றல்ல, ஆனாலும் இரண்டுமே எளிதானவை. வெள்ளைக் கோந்து, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாலிவினைல் அசிட்டேட் துகள்களால் ஆனது. உலர்ந்த படலத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் அது மீண்டும் வெளுத்து மென்மையாகும். அப்போது பழைய பல் துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும். தண்ணீர் புகாதபடி தயாரிக்கப்பட்ட மரவேலைப் பசைக்கு மட்டும் இது பொருந்தாது.

வீட்டில் செய்யும் ஸ்லைம், கோந்தின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைப் போராக்ஸ் (வெண்காரம்) குறுக்கே பிணைப்பதனால் உருவாகிறது. அந்தப் பிணைப்பை அமிலம் அவிழ்த்துவிடும். வெள்ளை வினிகரை அதன் மேல் ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டால், இழுபடும் ஸ்லைம் நீர்த்த கோந்தாக மாறுவதைக் கையிலேயே உணரலாம். பிறகு சோப்புப் போட்டு அலசினால் போதும். வினிகர் எல்லாப் பசையையும் எடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் அதன் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. ஸ்டிக்கர் பசைக்கோ சூப்பர் க்ளூவுக்கோ அதனால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை.

கேள்வி: கைவினை வேலை செய்யும்போது க்ளூ கன்னிலிருந்து ஒரு சொட்டு பட்டுத்துணியில் விழுந்து இறுகிவிட்டது.

பதில்: இந்தப் பசை சூட்டில் உருகி, ஆறினால் இறுகும் பிளாஸ்டிக். முதலில் துணியை ஒரு பையில் போட்டு, உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்தவுடன், துணியை வளைத்துப் பசையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தால், மேலே நிற்கும் சொட்டு பெரும்பாலும் முழுதாகப் பெயர்ந்து வரும். இழைகளுக்குள் புகுந்திருக்கும் மிச்சத்துக்கு, பருத்தி போன்ற சூடு தாங்கும் துணியாக இருந்தால், மேலும் கீழும் வெற்றுத்தாள் வைத்து இஸ்திரி போட்டுப் பசையைத் தாளுக்கு மாற்றலாம். பட்டில் அந்தச் சூட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக, பஞ்சுக்குச்சியில் சானிடைசர் தொட்டுப் பசையின் ஓரத்தில் தடவுங்கள். அதிலுள்ள ஆல்கஹால் பசையைக் கரைக்காது. பசைக்கும் துணிக்கும் நடுவே புகுந்து ஒட்டைத் தளர்த்தும். அதற்கு முன் மறைவான இடத்தில் சாயத்தைச் சோதிப்பது இங்கேயும் கட்டாயம்.

கேள்வி: சூயிங்கத்துக்கும் இதே முறைதானா?

பதில்: ஆம். உறையவைத்து உடைத்தெடுங்கள், மீதத்துக்கு எண்ணெய், பிறகு பாத்திரம் கழுவும் திரவம்.

கேள்வி: இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபாக்ஸி பசை மேல்சட்டையில் இறுகிவிட்டது. எதுவும் வேலை செய்யவில்லை.

பதில்: செய்யாது. இரண்டு பகுதிகளும் வினைபுரிந்து முழுவதும் இறுகிய பிறகு எபாக்ஸியை, துணிக்குச் சேதமின்றி நீக்கும் வீட்டுப் பொருள் எதுவும் கிடையாது. இறுகுவதற்கு முன், கையுறை அணிந்து உடனே வழித்தெடுத்து, வினிகரால் துடைத்திருந்தால் ஓரளவு தப்பியிருக்கும். இப்போது அந்தத் துணியில் மேலும் மேலும் கரைப்பான்களை ஊற்றிக் கெடுக்காமல், அந்த இடத்தின் மேல் ஓர் ஒட்டுத்துணி தைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோல், மண்ணெண்ணெய், ப்ளீச் இவற்றால் பசை எளிதில் போகும் என்கிறார்களே?

பதில்: பெட்ரோலைத் துணி சுத்தம் செய்யப் பயன்படுத்தவே கூடாது. ரப்பர் பசையை அது இளக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ஆவி தரையோடு தாழ்ந்து பரவி, தொலைவில் எரியும் நெருப்பைக்கூட எட்டித் தீப்பிடிக்கும். துவைத்த பிறகும் துணியில் தங்கி, சலவை இயந்திரத்துக்குள்ளேயே ஆபத்தாகும். மண்ணெண்ணெய் அந்த அளவுக்கு இல்லையென்றாலும் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ப்ளீச் நிறத்தை வெளுக்குமே தவிரப் பசையை எடுக்காது. அதைவிட முக்கியமானது: வினிகருடன் ப்ளீச் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும், அசிட்டோனுடன் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உள்ளிட்ட தீங்கான பொருள்கள் உண்டாகும். ஒரு முறை பலிக்கவில்லை என்று அடுத்ததை மேலேயே ஊற்றுவது அதனால்தான் ஆபத்து. இடையில் துணியை நன்றாக அலசி உலர்த்துங்கள்.

கேள்வி: பசை போய்விட்டது, ஆனால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரிகிறது. பசை மிச்சமா, சாயம் போய்விட்டதா என்று எப்படி அறிவது?

பதில்: உலர்ந்த துணியின் அந்த இடத்தில் ஒரு துளியும், சற்றுத் தள்ளி இன்னொரு துளியும் தண்ணீர் விடுங்கள். தள்ளி விட்ட துளி உடனே உறிஞ்சப்பட்டு, கறை இடத்தில் விட்டது மட்டும் முத்தாக நின்றால், அங்கே எண்ணெயோ பசையோ இன்னும் இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தால் மீண்டும் ஒருமுறை தேய்த்து அலசினால் எண்ணெய் போய்விடும். விரல் வைத்தால் இன்னும் பிசுபிசுக்கிறது என்றால் பசைக்கான முறையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு துளிகளும் ஒரே வேகத்தில் இறங்கினால் துணி சுத்தமாகிவிட்டது. தெரிவது சாயம் போன இடம். இனி எந்தக் கரைப்பானும் அதைத் திருத்தாது. தண்ணீர் புகாத துணிகளில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அவற்றில் எல்லா இடத்திலும் துளி முத்தாகவே நிற்கும்.