ஒரு வயதுக்குள் அன்டிபயோட்டிக் கொடுத்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்குமா?

பத்து மாதப் பிள்ளைக்கு நிமோனியா என்று வாட்டில் வைத்து அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள், மறுகா சளிக்கு இன்னொரு அன்டிபயோட்டிக் பாணியும் குடித்தான், இப்போது எலி ஆய்வொன்றை வாசித்துவிட்டுப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிமோனியாவுக்கு ஏற்றியதை நினைத்து வருந்த வேண்டாம். அது சின்னப் பிள்ளைகளின் உயிரை எடுக்கிற நோய். மூச்சுத் திணறினால் மூளைக்குப் போகும் ஒட்சிசனே குறைந்துவிடும். கேட்க வேண்டியது அந்த இரண்டாவது பாணியைப் பற்றித்தான்.

நீங்கள் வாசித்தது 2021இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து மார்ட்டின் பிளேசர் குழு வெளியிட்டதாக இருக்க வேண்டும். பிறக்குமுன்னோ பிறந்த கையோடோ எலிக்குஞ்சுகளுக்குக் குறைந்த அளவு பெனிசிலின் சேரச் செய்தார்கள். குடல் பக்டீரியாக்கள் மாறின. மூளையின் முன்பகுதியிலும், பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியிலும் சில மரபணுக்களின் செயற்பாடும் மாறியது. ஆனால் எலியின் மரபணுச் செயற்பாடு மாறுவதும் பிள்ளை பேசப் பிந்துவதும் ஒன்றல்ல.

அதற்காகக் குடல் பக்டீரியாவுக்கும் மூளைக்கும் தொடர்பு என்பதே கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது. 2004இல் ஜப்பானில், குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு நெருக்கடி வந்தபோது அழுத்த ஹோர்மோன் அளவுக்கு மிஞ்சிச் சுரந்தது. குஞ்சுப் பருவத்திலேயே பக்டீரியாவைக் குடலில் சேர்த்தபோது அது ஓரளவு தணிந்தது. வளர்ந்த பிறகு சேர்த்துப் பார்த்தார்கள், தணியவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் காலக்கணக்குதான். மனிதப் பிள்ளைக்கும் முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் குடல் பக்டீரியாக்கள் ஒரு நிலைக்கு வருகின்றன. தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகளைப் பிள்ளையால் சமிக்கவே முடியாது. அவை பிபிடோபக்டீரியா என்ற நல்ல குடல் பக்டீரியாவுக்கென்றே வருகிற தீன்.

இனி மனிதரில் கண்டதைப் பார்ப்போம். நெதர்லாந்திலும் சுவீடனிலும் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. முதல் இரண்டு வயதில் அன்டிபயோட்டிக் குடித்தவர்களிடம் ஓட்டிசமும் கவனக்குறைபாடும் சற்றுக் கூடவே தெரிந்தன. ஒரே சோடியில் குடித்த பிள்ளையையும் குடிக்காத பிள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆகவே அந்தத் தொடர்பில் பெரும்பங்கு மருந்தால் வந்ததல்ல, இருவருக்கும் பொதுவான பரம்பரையாலும் வீட்டுச் சூழலாலும் வந்திருக்க வேண்டும்.

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். மாரி தொடங்கினால் போதும், "தம்பி, புள்ளைக்கு மூக்கால ஓடுது, அந்த அமொக்ஸிசிலின் பாணி ஒண்டு தாங்க" என்று வந்துவிடுவார்கள். டொக்டரின் துண்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்றால் கோபம்தான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு. கரைத்த பாணி ஒன்றிரண்டு கிழமைக்கு மேல் தாங்காது என்பது ஒரு பக்கம். சளியும் பெரும்பாலான வயிற்றோட்டமும் வைரஸால் வருபவை, டெங்குவும் அப்படியே. அங்கே பக்டீரியாவை மட்டும் தாக்கும் இந்த அன்டிபயோட்டிக்குக்கு வேலையே இல்லை, குடல் பக்டீரியாவைக் குலைப்பது மட்டும்தான் நடக்கும். வயிற்றோட்டத்துக்கு முதலில் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கொடுங்கள்.

மருந்துக்கு மருந்தும் வித்தியாசம். பின்லாந்துப் பிள்ளைகளிடம் 2016இல் பார்த்தபோது அசித்ரோமைசின் வகைதான் குடலை அதிகம் குலைத்தது, பெனிசிலின் வகையின் சுவடு குறைவு. "கெட்டியான மருந்தாத் தாங்க" என்று டொக்டரிடம் கேட்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நம்மூர் எருமைத் தயிர் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மம்மாமார் சொல்வார்கள். சீனி போடாமல் கொஞ்சம் கொடுக்கலாம், பத்து மாதத்தில் நல்ல சாப்பாடு. ஆனால் தயிர் பக்டீரியா குடலில் குடியிருக்காது, விருந்தாளி மாதிரி வந்து போய்விடும். தாய்ப்பால் தொடர்ந்து கொடுப்பதும், சோறு, பருப்பு, கீரை, பழம் என்று பலதையும் பழக்குவதும் அதைவிடப் பெரிது.

இரண்டாவது பாணியை டொக்டர் காது, நெஞ்சு பார்த்து எழுதியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கடையில் கேட்டு வாங்கியதென்றால் இனி அப்படிச் செய்யாதீர்கள். 12 மாதத்தில் மூளைக்காய்ச்சல் ஊசிக்குக் கிளினிக் போவீர்கள்தானே. பிடித்து நிற்கிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா என்பதையெல்லாம் அன்று மிட்வைஃபிடம் சொல்லி, பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.