பூனை மனிதருக்கு என்ன சமைப்பது?

இந்தக் கால்நடை மருத்துவப் பகுதிக்கு இந்த முறை வந்திருப்பவை கதை எழுதுகிறவர்களின் கேள்விகள். எல்லாமே பூனை பற்றியவை. எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் மொத்தமாக எடுத்துக்கொண்டேன்.

*கேள்வி (கல்லூரி மாணவி, திண்டுக்கல்): பூனையும் மனிதனும் கலந்த ஓர் இனம் விண்கப்பலில் தலைமுறை தலைமுறையாக வாழ்வதாகக் கதை எழுதுகிறேன். காது, வால், பச்சைக் கண் எல்லாம் வைத்துவிட்டேன். இருந்தும் வேஷம் போட்ட மனிதர்கள் மாதிரியே இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?*

காதையும் வாலையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவர்களுக்குச் சாப்பாடு போடுங்கள்.

பூனை இறைச்சியை நம்பியே வாழும் பிராணி. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. நம் உடம்பு அதை ஓரளவு தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பால் தேவையான அளவுக்குச் செய்துகொள்ள முடியாது. கறியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். தயிர்சாதம் மட்டுமே போட்டு, ஆனால் அவ்வளவு பாசமாக வளர்க்கிற வீடுகளிலிருந்து என்னிடம் பூனைகள் வருவதுண்டு. டார்ச் அடித்தால் கண்மணி கோடாகச் சுருங்க வேண்டும். டாரின் குறைவு முற்றிய நிலையில் வரும் பூனைக்கு அது விரிந்தபடியே நிற்கும். விழித்திரை கெட்டுப்போயிருக்கும். சிலவற்றுக்கு இதயமும் பலவீனமாகிவிடும். பூனைகளின் இதயத்தசை நோய்க்கு டாரின் குறைவு ஒரு காரணம் என்று 1987-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். டாரின் கொடுத்தால் இதயம் தேறும். போன பார்வை திரும்பாது.

இப்போது உங்கள் கப்பலுக்கு வாருங்கள். அங்கே ஆடு, கோழி வளர்க்க இடம் இருக்காது, பயிர்தான் விளையும். டாரினைச் செயற்கையாகத் தயாரிக்க முடியும், கடையில் விற்கும் பூனைத் தீவனத்தில் அப்படித்தான் சேர்க்கிறார்கள். அதைத் தயாரிக்கும் கருவி கப்பலில் யார் பொறுப்பில் இருக்கிறதோ, அந்த இனத்தின் கண்ணும் இதயமும் அவர் பொறுப்பில்தான். உங்கள் கதை இங்கேதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. பூனைக்கு இனிப்பு தெரியாது. அந்தச் சுவையை உணரவைக்கும் மரபணு ஒன்று பூனைக் குடும்பத்தில் செயலற்றுப் போனது 2005-ல் தெரியவந்தது. ஆகவே விருந்தில் உங்கள் மனிதர்கள் லட்டு நீட்டினால், பூனை மனிதர்கள் மரியாதைக்கு வாங்கிக்கொள்வார்கள், அதிலுள்ள நெய்யை மட்டும் ரசிப்பார்கள். இப்படி ஒரு காட்சி, பத்துப் பக்க வர்ணனையைவிட அவர்களை நம்பவைக்கும்.

*கேள்வி (வாசகர், கோவை): பூனையை எப்படிப் போட்டாலும் காலில்தான் விழும். அப்படியென்றால் எடையில்லாத இடத்தில் பூனை மனிதர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள் அல்லவா?*

பாதி சரி. விழும்போது பூனை இடுப்பை வளைத்து, முன்பாதியை ஒரு பக்கமும் பின்பாதியை வேறு பக்கமும் முறுக்கி, எதையும் பிடிக்காமலேயே திரும்பிவிடுகிறது. பிரான்சின் விஞ்ஞானி மாரே 1894-லேயே தொடர் புகைப்படங்களில் இதைக் காட்டினார். ஆனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று அதற்குச் சொல்வது உட்காதும் கண்ணும். எடையின்மையில் உட்காதுக்குக் கீழ் என்பதே இல்லை. அமெரிக்க விமானப்படை 1950-களில் பூனைகளை விமானத்தில் ஏற்றி, சில விநாடி எடையின்மையில் விட்டுப் பார்த்தது. அவை திசை தெரியாமல் தடுமாறின. உங்கள் பூனை மனிதர்களுக்கு உடம்பைத் திருப்பும் வித்தை பிறவியிலேயே இருக்கும். எப்போது திருப்புவது என்பதைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

*கேள்வி (மருந்தாளுநர், மதுரை): கப்பலில் அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் மனித டாக்டரே பார்க்கலாமா?*

பார்த்தால் கொன்றுவிடுவார். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால், பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் கல்லீரல் வேலை பூனைக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகிவிடும், முகமும் பாதமும் வீங்கும். ஒரே மாத்திரை போதும். கதையில் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பூனைக்குத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

*கேள்வி (வாசகர், ஈரோடு): நிஜத்தில் இப்படி ஓர் இனம் பிறக்க முடியுமா?*

இயற்கையாக முடியாது. பூனைக்கு 38 குரோமோசோம், நமக்கு 46. அது மட்டுமல்ல, பரிணாமத்தில் இரண்டும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன.

*கேள்வி (ஆசிரியை, சிதம்பரம்): எங்கள் ஊர்ப் புலிக்கால் முனிவரை இந்த வகையில் சேர்க்கலாமா?*

தாராளமாக. வண்டு மொய்க்கும் முன்பே, விடியாத இருட்டில் மரமேறிச் சிவபூஜைக்குப் பூப்பறிக்க வேண்டும். பனியில் கால் வழுக்கக் கூடாது. அதற்காகப் புலிக்காலும் இருளில் தெரியும் கண்ணும் கேட்டு வாங்கினார் என்பது கதை. என்ன வேலைக்கு எந்த உறுப்பு என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஜெர்மனியின் ஒரு குகையில் 1939-ல் கிடைத்த தந்தச் சிற்பம் ஒன்று, சிங்கத் தலையும் மனித உடலுமாக, சுமார் 40,000 ஆண்டுப் பழமையானது. மனிதன் இந்தக் கற்பனையை ரொம்ப காலமாக வைத்திருக்கிறான்.

*கேள்வி (வாசகி, நாகர்கோவில்): இந்த மாதிரிக் கதைகளில் வில்லனாக யாரை வைப்பது?*

அவர்களை உருவாக்கியவர்களை வையுங்கள். 1963 அக்டோபர் 18-ல் பிரான்ஸ், அல்ஜீரியாவின் சகாராப் பாலைவனத்திலிருந்து ஒரு பெண் பூனையை ராக்கெட்டில் அனுப்பியது. கருப்பும் வெள்ளையுமான பூனை. மண்டைக்குள் மின்முனைகள் பதித்திருந்தார்கள். 150 கிலோமீட்டருக்கு மேல் போய், கால் மணி நேரத்துக்குள் உயிரோடு இறங்கியது. பயிற்சி பெற்ற 14 பூனைகளுக்கும் பாசம் வந்துவிடக் கூடாது என்று பெயரே வைக்கவில்லை. இதற்கு சி 341 என்று எண். ஃபெலிசெட் என்ற பெயர் பயணத்துக்குப் பிறகு வந்தது. சில மாதங்களில், மூளையை ஆராய வேண்டும் என்று அதைக் கொன்றுவிட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் சிலை வந்தது 2019-ல்.

படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. ஆய்வுக்கென்று ஒரு உயிரை வளர்த்தவர்களுக்கு அதனிடம் என்ன கடமை இருக்கிறது என்ற கேள்வி எனக்குள் நிற்கிறது. அமெரிக்க எழுத்தாளர் கார்ட்வெய்னர் ஸ்மித், அந்தப் பயணத்துக்கு முந்தைய ஆண்டே, பூனையிலிருந்து உருவான ஒரு பெண்ணை நாயகியாக்கிக் கதை எழுதினார். அவள் இனம் உழைக்கலாம், உரிமை கேட்கக் கூடாது. நீங்களும் கப்பலின் சட்டத்தை முதலில் எழுதுங்கள்: குட்டிக்குப் பெயர் வைப்பது யார், வேலை செய்ய முடியாத கிழவருக்குச் சாப்பாடு உண்டா. வில்லன் தானே வந்து நிற்பான்.

*கேள்வி (பள்ளி மாணவன், தஞ்சாவூர்): பூனை மனிதர்கள் 'மியாவ்' சொல்லலாமா?*

மனிதர்களிடம் மட்டும். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்வது அபூர்வம். அது பெரும்பாலும் நம்மிடம் பேச வைத்திருக்கும் சத்தம். தங்களுக்குள் வாலை நிமிர்த்தி வந்தால் நட்பு, தலையால் உரசினால் சொந்தம். நம்பிக்கை இருக்கிற இடத்தில் கண்ணை மெதுவாக மூடித் திறக்கும். உன் கதையில் இரண்டு பூனை மனிதர்கள் தனியாக இருக்கும் காட்சியில் வசனமே வேண்டாம், தம்பி. மனிதர் உள்ளே வந்ததும் பேசத் தொடங்கட்டும்.