திரும்பி வந்த பார்சல்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

கோவில்பட்டியில் வீட்டிலிருந்தபடியே இணையப் புத்தகக் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். வேலை பார்த்துச் சேர்த்த 1,80,000 ரூபாயை முதலாகப் போட்டுப் பதினான்கு மாதங்களுக்கு முன் தொடங்கினேன். எல்லா நூல்களுக்கும் 10 சதவீதக் கழிவு, அஞ்சல் செலவு இலவசம் என்று அறிவித்ததால் ஆர்டர்கள் வந்தன, பணம்தான் தங்கவில்லை. கையில் கிடைத்த பிறகு பணம் கொடுக்கலாம் என்ற முறையில் அனுப்பிய பார்சல்கள் பல திரும்பி வருகின்றன. நன்றாக விற்கும் என்று நம்பி வாங்கிய ஒரு நாவலின் 60 பிரதிகள் கட்டுப் பிரிக்காமலே கிடக்கின்றன. அச்சில் இல்லாத ஒரு நூலுக்குத் தெரியாமல் பணம் வாங்கி, மூன்று வாரம் தேடி அலைந்தேன். அந்த வாசகர் என்னை ஏமாற்றுக்காரன் என்று எல்லோரும் பார்க்க எழுதிவிட்டார். தமிழர்கள் புத்தகம் வாங்க மாட்டார்கள் என்று வீட்டில் சொல்வது சரிதானோ, கடையை மூடிவிடலாமோ என்று தோன்றுகிறது. தோல்விகள்தாம் தொழிலைக் கற்றுத்தந்தன என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். உண்மையிலேயே கற்றுத்தந்தனவா?

சு., கோவில்பட்டி

அன்புள்ள சு.,

அந்த வரியை எழுதியவன் நான்தான். இன்று படிக்கும்போது அது சற்று அலங்காரமாகவே தெரிகிறது. என் கடையின் முதல் மூன்று ஆண்டுகளில் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் நட்டத்துக்குக் காரணமாக உங்கள் வீட்டார் சொல்லும் அதே வாசகத்தைச் சொல்லிக்கொண்டேன். ‘தமிழர்கள் புத்தகம் வாங்க மாட்டார்கள்’ என்பது புத்தகம் விற்பவனுக்கு மிகவும் வசதியான வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஆர்டர்கள் வந்திருக்கின்றன என்று நீங்களே எழுதுகிறீர்கள். வாசகர்கள் வாங்கியிருக்கிறார்கள் என்றால் பணம் வேறெங்கோ ஒழுகியிருக்கிறது.

400 ரூபாய் விலையுள்ள ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். பதிப்பகங்களிடமிருந்து எனக்குப் பெரும்பாலும் கிடைத்தது 35 சதவீதக் கழிவு, அதாவது 140 ரூபாய். அதில் வாசகருக்கு 40 போனால் மீதி 100. கூரியருக்கு 75, அட்டைப்பெட்டிக்கும் டேப்புக்கும் 12, இணையவழிப் பணம் பெற்றுத்தரும் நிறுவனத்துக்கு வரியோடு சேர்த்து ஏறக்குறைய எட்டரை. நாலரை ரூபாய் நிற்கும். அந்தப் பார்சல் திரும்பி வந்தாலோ போன கூலி, வந்த கூலி, நசுங்கிய பெட்டி என்று 150 ரூபாய்க்குக் குறையாமல் கைவிட்டுப் போகும். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த 33 பார்சல்களின் லாபத்தை ஒரே பார்சல் தின்றுவிடும். அச்சிட்ட நூல்களுக்கு ஜிஎஸ்டி இல்லை என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் வரியில்லாத பொருளை மட்டும் விற்பவர், கூரியர் கட்டணத்தின்மேல் தாம் செலுத்தும் 18 சதவீத வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது முழுவதும் நம் தலையில்தான். இந்தக் கணக்கை நான் நான்காம் ஆண்டில்தான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு மாணவன் பத்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு அது.

எழுதிப் பார்த்ததும் கண்ணில் பட்டது எடை. கூரியர் கட்டணம் பெரும்பாலும் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறுகிறது. 470 கிராம் எடையுள்ள நாவலை 60 கிராம் பெட்டியில் வைத்து அனுப்பினால் ஒரு கிலோவுக்கான கட்டணம் கேட்பார்கள். நானோ நூல்களை விலை வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். எந்த நூல் எத்தனை கிராம் என்று எனக்குத் தெரியாது. மளிகைக் கடைக்காரரிடம் இருப்பது போன்ற சிறிய தராசு ஒன்றை வாங்கிய பிறகு, ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் எடையைக் குறித்துவைத்தேன். எல்லைக்கு அருகில் இருப்பவற்றைப் பெட்டிக்குப் பதில் இரட்டைக் கெட்டி அட்டைக்கு இடையில் வைத்துக் கட்டினேன்.

அஞ்சல் துறை நம் கைக்கு அப்பாற்பட்டது. நூல்களுக்கென்றே குறைந்த கட்டணத்தில் இருந்த பதிவு அஞ்சல் வசதி 2024 டிசம்பர் 18 அன்று நிறுத்தப்பட்டது. ஒன்பது நாளில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கவிருந்தது. 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற பெயரில் வேறொரு சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும் என்பதால் தாமதமாகும். நீங்கள் விற்கும் நூல்களில் எவை அதன் விதிக்குள் வரும் என்று உங்கள் தலைமை அஞ்சலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையிருப்பு பற்றி நான் கற்றது வேறு வகை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றங்கரைக்கு அருகே ஒரு தரைத்தள அறையில் என் சரக்கு இருந்தது. நீர் வடிந்து உள்ளே போனபோது ஏறத்தாழ 1,100 பிரதிகள் உப்பிக் கிடந்தன. வழவழப்புத் தாளில் அச்சிட்ட படநூல்கள் காய்ந்தபின் பலகைபோல் ஒட்டிக்கொண்டன. நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள், நானும் வெள்ளத்தின்மேல் பழியைப் போட்டேன். இழப்பைப் பட்டியலிட உட்கார்ந்தபோதுதான், நனைந்தவற்றில் பாதிக்குமேல் ஒன்றரை ஆண்டாக ஒருவரும் கேட்காத நூல்கள் என்பது தெரிந்தது. ஐந்து பிரதி வாங்க வேண்டிய இடத்தில், கழிவு சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று ஐம்பது வாங்கியவன் நான். அந்தப் பணம் தண்ணீர் வருவதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டிருந்தது. அதன்பின் அலமாரியை உயர்த்துவதைவிட, ஆர்டர் வந்தபின் வாங்கும் நூல்கள் எவை, கையில் வைத்திருக்க வேண்டியவை எவை என்று பிரிப்பதில்தான் கவனம் செலுத்தினேன். 

உங்களை ஏமாற்றுக்காரன் என்று எழுதியவர்மேல் கோபம் வேண்டாம். பணத்தைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருப்பவருக்கு உங்கள் அலைச்சல் தெரியாது. நூல் கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்றே தொலைபேசியில் சொல்லி, அன்றே பணத்தைத் திருப்பியிருந்தால் அவர் உங்களிடமே வேறொன்றை வாங்கியிருக்கவும் கூடும். பதிப்பகத்தின் விலைப்பட்டியலில் பெயர் இருப்பதாலேயே நூல் அச்சில் இருக்கிறது என்று பொருளில்லை. நம் பதிப்பகங்கள் பட்டியலைத் திருத்தும் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பார்சலைத் திருப்பி அனுப்பினார். எரிச்சலோடுதான் அழைத்துக் கேட்டேன். “எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது தம்பி, என்னால் படிக்க முடியவில்லை” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நூலுக்கும் உள்பக்கம் ஒன்றின் படத்தைச் சேர்த்தேன், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து. திரும்பி வருபவை கண்கூடாகக் குறைந்தன. இதை நான் எந்தத் தொழில் வகுப்பிலும் கேட்டிருக்க முடியாது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் ‘வாங்கிவிட்டு வேண்டாம் என்கிறார்கள்’ என்று புலம்பிக்கொண்டிருந்திருப்பேன்.

கடையை மூடுவதா என்ற கேள்விக்கு நான் விடை சொல்ல முடியாது. கடந்த மூன்று மாதங்களில் அனுப்பிய ஒவ்வொரு பார்சலுக்கும் மேற்சொன்ன கணக்கை எழுதுங்கள். இலவச அஞ்சலை நிறுத்தி, முன்பணம் செலுத்துவோருக்கு மட்டும் அனுப்பியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று பக்கத்திலேயே குறியுங்கள். ஆர்டர்களில் சில அதனால் குறைந்திருக்கும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் நட்டமே நின்றால் மூடிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த 60 பிரதிகளும் கட்டுப் பிரிக்காமல் இருப்பது உங்கள் நல்ல காலம். பதிப்பாளரிடம் கெஞ்சாமல் நேராகப் பேசி, அதே மதிப்புக்கு வேறு நூல்களாக மாற்றித்தரக் கேளுங்கள். எனக்கு இருவர் அப்படி மாற்றித் தந்திருக்கிறார்கள், ஒருவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. மழைக்காலம் வருவதற்குள் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.