கிளைமேட் டிபார்ட்மென்ட்ல இன்டர்ன்ஷிப்: நீங்க கேட்டதும் நான் பட்டதும்

காலநிலை மாற்றத் துறை பக்கம் இன்டர்னா போகணும்னு இருக்கறவங்க, ஏற்கனவே போய் மாட்டிக்கிட்டவங்கன்னு ரெண்டு தரப்புல இருந்தும் கேள்வி சேர்ந்து போச்சு. நானும் இன்டர்னாதான் உள்ள வந்தேன், சர்டிபிகேட் வாங்கிட்டு கிளம்பிடலாம்னு வந்தவ அப்படியே தங்கிட்டேன். சொல்றது எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம், வேற ஸ்டேட்டுக்கு அப்படியே பொருந்தாது.

சிவில் பைனல் இயர், திருநெல்வேலி. என்விரான்மென்ட் டிகிரி இல்லாம எடுப்பாங்களா? எங்க அப்ளை பண்ணணும்?

தாராளமா எடுப்பாங்க. சிவில்காரங்களுக்கு மேப் படிக்கத் தெரியும், எஸ்டிமேட்ட பார்த்து பயப்பட மாட்டாங்க, அதுவே பாதி தகுதி. அப்ளை பண்ண ஒரே வாசல்னு எதுவும் கிடையாது. சைதாப்பேட்டை பனகல் மாளிகைல இயக்குநரகம் இருக்கு, அப்புறம் தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம்னு அரசே ஆரம்பிச்ச கம்பெனி இருக்கு, காலநிலை மாற்ற இயக்கம், ஈரநில இயக்கம், பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மூணும் அதுகிட்டதான். ஆனா ஏன் எல்லாரும் சென்னையவே பாக்கறீங்கன்னுதான் புரியல. 38 மாவட்டத்துலயும் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கு, கலெக்டர்தான் அதுக்கு மிஷன் டைரக்டர், டிஎஃப்ஓ, அதாவது மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். உங்க ஊர் டிஎஃப்ஓ ஆபீஸுக்கு எச்ஓடி லெட்டரோட போய் நில்லுங்க, கூடவே உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்னு ஒரே ஒரு பக்கம். "பூமிய காப்பாத்த ஆசை"ன்னு எழுதாதீங்க. "கியூஜிஐஎஸ் மேப் சாப்ட்வேர் தெரியும், தமிழ் டைப்பிங் தெரியும், ஜூன் ஜூலை ரெண்டு மாசம் முழு நேரமும் வருவேன்"னு எழுதுங்க. முதலமைச்சர் பசுமை பெல்லோஷிப்போட இத போட்டு குழப்பிக்காதீங்க, அது ரெண்டு வருஷ வேலை, செலக்‌ஷன் எல்லாம் தனி.

ஒரு மாசமா பிபிடி, மீட்டிங் மினிட்ஸ் தவிர ஒண்ணும் தரல. பாலிசி வேலைன்னு சொல்லி ஏமாத்திட்டாங்களோன்னு இருக்கு.

இந்தக் கேள்விதான் அதிகம். கோவம் புரியுது, ஆனா மினிட்ஸ சாதாரணமா நினைக்காதீங்க. காலநிலைத் துறை கைல நேரடியா என்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சு பாருங்க. கரண்ட் மின்வாரியத்துகிட்ட, பஸ் போக்குவரத்துகிட்ட, நெல்லு வேளாண்மைகிட்ட. ஏரி கதை அதவிட கூத்து, 100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணி பாயற நிலம் இருந்தா நீர்வளத்துறை, அதுக்கு கீழன்னா ஊராட்சி ஒன்றியம். அப்ப இந்த டிபார்ட்மென்ட் செய்யறது பாதிக்கு மேல அடுத்தவங்க வீட்டுக் கதவ தட்டற வேலைதான், அந்தக் கதவு திறந்துச்சா இல்லையாங்கறதுக்கு கைல இருக்கற ஒரே சாட்சி மினிட்ஸ்.

என் முதல் மினிட்ஸ்ல ஒரு துறை அதிகாரி "பாக்கறேன்மா"ன்னு சொன்னத நான் "ஒப்புக்கொண்டார்"னு எழுதிட்டேன். மறுநாள் காலைல அவர் போன் பண்ணி எங்க ஆபீசர புடிச்சு ஒரு வாங்கு வாங்கிட்டார், ஆபீசர் என்னை. அதுல இருந்து ஒவ்வொரு வரிக்கும் மூணு கேள்வி கேட்டுக்குவேன், யார் செய்யணும், எந்தத் தேதிக்குள்ள, அவங்க வாயால சொன்னாங்களா. "ஆவன செய்யப்படும்"னு ஒரு வரி வந்தா அது அங்கயே செத்துப்போச்சுன்னு அர்த்தம். "இத்தனை கண்மாயோட எல்லை விவரத்த 15 நாளுக்குள்ள தர்றதா தெரிவிச்சாங்க"ன்னு இருந்தா அடுத்த மீட்டிங்ல எடுத்து நீட்டலாம். மினிட்ஸ நல்லா எழுதற இன்டர்ன அடுத்த வாரமே பைல் பக்கம் கூப்பிடுவாங்க, நான் பார்த்த வரைக்கும் இது தப்பினதில்ல. கூப்பிடலைன்னா நீங்களே போய் பழைய பைல் ஒண்ணு கேளுங்க, நோட் பகுதிய கீழ இருந்து மேல வரைக்கும் படிங்க, யார் என்ன கேள்வி போட்டு திருப்பி அனுப்பினாங்கன்னு பாருங்க. எந்தக் கோர்ஸ்லயும் அத சொல்லித்தர மாட்டாங்க.

எமிஷன் கணக்கு போட சொன்னாங்க. ரெண்டு ரிப்போர்ட்ல ஒரே வருஷத்துக்கு ரெண்டு நம்பர் வருது. எது சரி?

ரெண்டுமே சரியா இருக்கலாம். முதல்ல மீத்தேன பாருங்க. மீத்தேன கார்பன் டை ஆக்சைடு கணக்குக்கு மாத்தறதுக்கு ஒரு பெருக்கல் எண் உண்டு, ஐபிசிசின்னு ஐநாவோட காலநிலைக் குழு இருக்கே, அதோட ரெண்டாவது அறிக்கைப்படி 21, நாலாவதுல 25, அஞ்சாவதுல 28. நம்ம நாடு ஐநாவுக்கு கொடுத்த பழைய கணக்குல 21தான் இருக்கு, புதுசா யாராவது போட்டா 28ஐ எடுப்பாங்க. நெல்லும் மாடும் குப்பையும் இவ்ளோ இருக்கற ஸ்டேட்ல இந்த ஒரு எண் மாறினாலே டோட்டல் தள்ளிப்போயிடும். அதனால எக்செல்ல முதல் ஷீட்ல எந்த எண் எடுத்தீங்கன்னு எழுதி வச்சிருங்க, இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு அதே ஷீட்ட திறக்கறவங்க உங்களத்தான் திட்டுவாங்க.

அடுத்தது யூனிட். இது என் மானம் போன கதை. பஸ் டீசல் கணக்கு ஒண்ணு கிலோலிட்டர்ல வந்திருந்துச்சு, நான் லிட்டர்னு நினைச்சு போட்டு ஆயிரத்துல ஒரு பங்கு எமிஷன் காட்டி பிரிண்ட் எடுத்து கொண்டுபோயிட்டேன். ரிட்டயர்மென்ட் பக்கத்துல இருந்த சூப்பரின்டென்டென்ட் ஒருத்தர், கிளைமேட்னு ஒரு கிளாஸ்கூட போகாதவர், கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு பார்த்தார். "ஏம்மா, இவ்ளோதான் டீசல்னா பஸ்ஸெல்லாம் டிப்போவ விட்டே வெளிய வரலயே"ன்னார். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா 2.6, 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு யூனிட் கரண்ட்டுக்கு நம்ம கிரிட்ல சுமாரா 0.7 கிலோ, இந்த ரெண்ட மட்டும் மனசுல வச்சுக்கிட்டா எந்த டேபிளையும் ஒரு பார்வைல புடிச்சிடலாம். லட்சம், மில்லியன் குழப்பத்த நான் வேற தனியா சொல்லணுமா.

இங்கிலீஷ் மீடியம். ஆபீஸ்ல எல்லாம் தமிழ்ல ஓடுது, கோப்புத் தமிழ் பார்த்தாலே தலை சுத்துது. சமாளிக்கலாமா?

கோப்புத் தமிழ் ரெண்டு வாரத்துல பழகிடும். அரசாணைல (நிலை)ன்னு இருந்தா என்ன, (வாலாயம்)னு இருந்தா என்னன்னு பக்கத்து சீட்டுல கேட்டாலே சொல்லிடுவாங்க. கஷ்டம் வேற இடத்துல. கூட இருந்த ஒரு பொண்ணு, ரொம்ப கெட்டிக்காரி, டெல்டா விவசாயிகளுக்கு ஒரு நோட்டீஸ் எழுதினா, நெல்லுல மீத்தேன் குறையறதுக்கு "மாற்று முறையில் ஈரமாக்கலும் உலர்த்தலும்"னு. படிச்சவர் எவருக்கும் ஒண்ணும் விளங்கல. வேளாண்மை உதவி அலுவலர் ஒருத்தர் வாங்கி அடிச்சுட்டு மேல "காய்ச்சலும் பாய்ச்சலும்"னு எழுதினார், முடிஞ்சுது வேலை. வயல காயவிட்டு காயவிட்டு தண்ணி பாய்ச்சறது, வார்த்தை ஊர்ல ஏற்கனவே இருக்கு, நாமதான் இங்கிலீஷ் பேப்பர்ல இருந்து திரும்ப மொழிபெயர்த்துட்டு இருக்கோம்.

ஈரநில லிஸ்ட் போடறப்பவும் இதே கூத்துதான். வடக்க ஏரி, மதுரை ராம்நாடு பக்கம் கண்மாய், திருநெல்வேலில குளம், அப்புறம் ஏந்தல், தாங்கல், ஊருணி, கழுவெளி. இத்தனையையும் டேங்க், லேக், பாண்டுன்னு மூணு கட்டத்துக்குள்ள அடைச்சா கள அலுவலர் எத தேடிப்போவார் சொல்லுங்க. ஊர்ப் பேரையும் சர்வே நம்பரையும் அப்படியே போடுங்க, அதுக்கப்புறம் வேணா இங்கிலீஷ்.

ஸ்டைபண்ட் தருவாங்களா?

பல இடத்துல தர மாட்டாங்க. எழுத்துல இல்லாத எதையும் நம்பி சென்னைல ரூம் எடுக்காதீங்க. வசதியில்லாத பிள்ளைங்க இதனாலயே இந்தப் பக்கம் வராம போறாங்க, எனக்கு அதுல பெரிய வருத்தம் உண்டு. ஊர்லயே மாவட்ட ஆபீஸ்ல பாருங்கன்னு மேல சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நான் வேலை பார்த்த டிராப்ட்ட லிங்க்ட்இன்ல போடலாமா?

வெளியாகற வரைக்கும் மூச்சு விடாதீங்க. பக்கத்துல இருந்து எடுத்த போட்டோல ஸ்கிரீன் தெரிஞ்சாகூட பிரச்சனைதான்.

ஒரு பக்கம் மஞ்சப்பை, மரம் நடறது, இன்னொரு பக்கம் சதுப்பு நிலத்து ஓரமா பில்டிங். இது எல்லாம் ஷோ தானே?

கொஞ்சம் ஷோதான், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி 1ல வந்துச்சு, உங்க தெரு பூக்கடைல இன்னைக்கு எதுல கட்டித் தர்றாங்கன்னு பாருங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சர் தளம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு ஆச்சு, அதுக்காக சுத்தி இருக்கற நிலத்து விலை இறங்கிடல.

ஆனா எல்லாமே ஷோன்னு சொன்னா அதையும் ஒத்துக்க மாட்டேன். 2024 அக்டோபர்ல வெப்ப அலைய மாநிலப் பேரிடரா அறிவிச்சாங்க. பார்த்தா ஒரே ஒரு அரசாணை. ஆனா அது இருந்தாதான் பேரிடர் நிவாரண நிதில இருந்து வெயிலுக்குன்னு பணம் எடுக்க முடியும், தண்ணிப்பந்தல், ஓஆர்எஸ் எல்லாம் கலெக்டர் யார்கிட்டயோ கெஞ்சி வாங்கறதா இல்லாம கணக்குல வருது, வெயில்ல செத்துப்போன தொழிலாளி குடும்பத்துக்கு 4 லட்சம் கிடைக்க வழி இருக்கு. அதுக்கு முன்னாடி அந்தக் குடும்பத்துக்கு என்ன பேர்ல நிவாரணம் எழுதுவீங்க? அப்ப வெயில்னு ஒரு தலைப்பே லிஸ்ட்ல இல்ல. உங்களுக்கு சந்தேகம் வந்தா ஒரு வேலை பண்ணுங்க, சட்டசபைல மானியக் கோரிக்கை சமயத்துல ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும், சுற்றுச்சூழல் துறையோடதையும் நெடுஞ்சாலைத் துறையோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே மாவட்டத்துக்கு ரெண்டு பேரும் என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க. உங்க கோவத்துக்கு எழுத்துலயே ஆதாரம் அங்க கிடைக்கலாம்.

அடுத்த வாரம் முதல் பீல்ட் விசிட், ராமநாதபுரம் பக்கம் கண்மாய் பாக்கப் போறோம். என்ன எடுத்துட்டு போகணும்?

விஏஓ நம்பர், எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே நம்பரோட நில அளவுப் படம்) காப்பி, ஜிபிஎஸ் போட்டோ எடுக்கற ஆப், பவர் பேங்க், ரெண்டு பாட்டில் தண்ணி. மடைகிட்ட உக்காந்திருக்கற பெரியவர் யாராவது இருந்தா முதல்ல அவர்கிட்ட பேசுங்க, கடைசியா எந்த வருஷம் கண்மாய் நிறைஞ்சு மறுகால் போச்சுன்னு கேளுங்க, அது எந்த டேட்டாலயும் இருக்காது. அப்புறம் தயவு செஞ்சு ரப்பர் செருப்போட போகாதீங்க, கண்மாய் உள்ள பூரா சீமைக்கருவேலம், அந்த முள்ளு செருப்ப தாண்டி பாதத்துல ஏறும், எனக்கு ஏறினது மூணு நாள் வீங்கியிருந்துச்சு.