ஒரு சர்ச், ஒரு சதுக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வருடம் நானும் மனைவியும் ஒரு குழுவோடு இத்தாலி போய் வந்தோம். எட்டு நாளில் ரோம், ஃப்ளாரன்ஸ், பைசா, வெனிஸ், மிலன். பைசா கோபுரத்தடியில் நாற்பது நிமிடம்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எங்களைவிடக் கூட்டம்தான் அதிகம் தெரிகிறது. இத்தாலியின் சின்ன ஊர்களைப் பற்றி நீங்கள் எப்போதோ ஒரு கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அடுத்த வருடம் நாங்கள் இருவர் மட்டும் அவசரமில்லாமல் அந்த மாதிரி ஊர்களுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நண்பரோ, "சின்ன ஊரில் என்ன இருக்கப்போகிறது? ஒரு சர்ச், ஒரு சதுக்கம், அரை மணியில் முடிந்துவிடும்" என்கிறார். ஒரு பட்டியல் தர முடியுமா? நாங்கள் சைவம். மனைவிக்கு முழங்கால் வலி, அதிகம் படியேற முடியாது.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்வது சரிதான். மதியம் ஒன்றரைக்குப் போய் மூன்றரைக்குக் கிளம்பினால் இத்தாலியின் எந்தச் சின்ன ஊரிலும் ஒரு சர்ச்சும் ஒரு சதுக்கமும்தான் இருக்கும். சர்ச்சும் பூட்டியிருக்கும்.

சுல்மோனாவுக்கு நான் முதலில் போய் இறங்கியது அப்படி ஒரு மதியத்தில்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ரோமிலிருந்து கிழக்கே, மலைகளுக்குள் புகுந்து புகுந்து போகும் ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அப்ருத்சோ மாநிலம். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது. பஸ்ஸுக்காக நின்று பார்த்துவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். கல் பாவிய தெருவில் அந்தப் பெட்டிச் சக்கரம் போட்ட சத்தத்தைத் தவிர ஊரில் வேறு சத்தமே இல்லை. எல்லாக் கடைக்கும் ஷட்டர் இறங்கியிருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஐந்து மணிக்கு மேல் ஒவ்வொரு ஷட்டராக ஏறியது. ஆறு மணிக்குப் பிரதான வீதி நிறைந்துவிட்டது. யாரும் எங்கேயும் போவதாகத் தெரியவில்லை. ஒரு கோடிவரை நடக்கிறார்கள், திரும்புகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். இதற்கு பஸ்ஸெஜாத்தா என்று பெயர். இரண்டு கிழவர்கள் கைகோத்துக்கொண்டு போனார்கள். பேச்சு சூடானால் நடுத்தெருவில் நின்றுவிடுவார்கள், ஒருவர் விட்டுக்கொடுத்தபிறகுதான் கால் நகரும். அரை மணி நேரத்தில் அவர்கள் எங்களை மூன்று முறை கடந்தார்கள். மூன்றாம் முறை தலையசைத்தார்கள். அதற்குள் நாங்களும் அந்த வீதிக்காரர்களாகிவிட்டோம் போலிருக்கிறது.

அந்த வீதிக்குப் பெயர் கொர்சோ ஒவீதியோ. லத்தீன் கவிஞர் ஓவிட் கி.மு. 43-ல் பிறந்த ஊர் இது. பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்துக்கு நாடு கடத்திவிட்டார். அங்கேயே இறந்தும் போனார். அந்த ஊர் இன்று ருமேனியாவில் கான்ஸ்டான்ட்சா. எத்தோரே ஃபெர்ராரி செய்த ஓவிட் சிலை முதலில் அங்கேதான் 1887-ல் நிறுவப்பட்டது. அதே சிலையின் பிரதி 1925-ல் சுல்மோனாவுக்கு வந்தது. இறந்த ஊருக்கு மூலம், பிறந்த ஊருக்கு நகல்!

ஆனால் இன்று ஊரை ஓவிட் காப்பாற்றவில்லை, பாதாம் பருப்பு காப்பாற்றுகிறது. கொன்ஃபெத்தி என்ற மிட்டாய். தோலுரித்த பாதாமைப் பெரிய செப்புப் பாத்திரத்தில் போட்டுச் சுழலவிட்டு, சர்க்கரைப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பூச்சு ஏற்றுகிறார்கள். நல்ல கொன்ஃபெத்தியில் மாவு சேர்க்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு வெள்ளை, பட்டம் வாங்கினால் சிவப்பு. கல்யாணத்தில் விருந்தினருக்கு ஐந்து ஐந்தாகப் பொட்டலம் கட்டித் தருவார்கள். நாம் ஆங்கில வழக்கில் 'கன்ஃபெட்டி' என்று தூவும் காகிதத் துணுக்குக்கு இத்தாலியில் அந்தப் பெயரே கிடையாது. அது அங்கே கொரியாந்தொலி. கார்னிவலில் முன்பு சர்க்கரை பூசிய கொத்தமல்லி விதையை வீசிக்கொண்டிருந்தார்கள். விதை போய்க் காகிதம் வந்தது, பெயர் மட்டும் மல்லியிலேயே நின்றுவிட்டது.

ஒரு கடை வாசலில் ஒரு பாட்டி இந்த மிட்டாயில் பூ செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பாதாமாக மஞ்சள் செலோஃபேனில் பொதிந்து அடியில் மெல்லிய கம்பியால் ஒரு முறுக்கு. அப்படி ஐந்து இதழ். நடுவே வேறு நிறத்தில் ஒன்றை வைத்து, எல்லாக் கம்பியையும் சேர்த்து இன்னொரு முறுக்கு. காம்புக்குப் பச்சைக் காகிதம். நம் பூக்காரம்மாக்கள் எதிர்க்கடையோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல் சரம் தொடுப்பார்களே, அதே கை. நாங்கள் பத்து நிமிடம் நின்று பார்த்தோம். அவர் எங்களை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பூவை நீட்டினார், மறுகையால் விலைச்சீட்டைக் காட்டினார்!

இந்தப் பாட்டிக்காகத்தான் பட்டியல் தரத் தயங்குகிறேன். 'இத்தாலியின் அழகிய பத்து கிராமங்கள்' என்று வருகிற பட்டியல்கள் ஊரைத் தின்றுவிடுகின்றன. சிவித்தா தி பஞ்ஞோரெஜோ என்று ஒரு மலையுச்சி ஊர். கீழே களிமண் கரைந்து கரைந்து பாறையே உதிர்ந்துகொண்டிருக்கிறது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜனங்கள் வெளியேறத் தொடங்கினார்கள். இப்போது நிரந்தரமாக இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2013 முதல் ஊருக்குள் போகக் கட்டணம் வசூலிக்கிறார்கள். அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நடைபாலத்தில் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்புவதற்கு நீங்கள் வெனிஸுக்கே மறுபடி போகலாம்.

என் கணக்கு வேறு. அழகான ஊராகத் தேடாதீர்கள், தனக்கென்று ஒரு வேலை உள்ள ஊராகத் தேடுங்கள். ஃபாப்ரியானோவில் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து காகிதம் செய்கிறார்கள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி அங்கே பிறந்ததுதான். ஃபயென்சாவில் மண்பாண்டம், கிரெமோனாவில் வயலின். இப்படி ஊர்களில் நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் காலையில் பட்டறை திறக்கும். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். ஒரு இரவு போதாது, முதல் நாள் பெட்டியிலும் சாவியிலும் போய்விடும்.

வடக்கே ஒரு ஊர் மட்டும் பெயர் சொல்கிறேன், நாம் தமிழர் என்பதால். காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே. கார்தா ஏரிக்குத் தெற்கே, மாந்துவா மாவட்டம். 1680-ல் கொன்ஸ்தான்சோ பெஸ்கி பிறந்தது இங்கே. நமக்கு வீரமாமுனிவர். பள்ளிகளின் பெயர்ப்பலகையில் பார்க்கும் புனித அலோசியஸும் இதே ஊர்க்காரர்தான். பக்கத்தில் சொல்ஃபெரீனோ. 1859 ஜூன் 24 அன்று அங்கே நடந்த போரில் காயம்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் காஸ்திலியோனேக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பெண்கள் எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல், "தூத்தி ஃபிராதெல்லி", எல்லாரும் சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் கொடுத்தார்கள். தொழில் விஷயமாக அந்தப் பக்கம் வந்திருந்த ஹென்றி தூனான் அவர்களோடு சேர்ந்து கட்டுப்போட்டார். செஞ்சிலுவைச் சங்கம் அதிலிருந்து வந்தது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் குதிரை இழுத்த ஆம்புலன்ஸ் வண்டிகள் இருக்கின்றன. அறுவைக் கருவிகளும் இருக்கின்றன, தச்சர் பெட்டியைத் திறந்த மாதிரி. நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அதிக நேரம் நிற்கவில்லை. வெளியே வந்து, தேம்பாவணி பாடியவர் சிறுவனாக ஓடிய தெரு எதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெயிலில் சுற்றினேன்.

சாப்பாடு பிரச்சினையில்லை, கேட்டுச் சாப்பிட்டால். 'சென்சா கார்னே', இறைச்சி இல்லாமல், என்று சொல்லிவிட்டு, மீனும் வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பயறு சூப்பில்கூடப் பன்றிக்கொழுப்பு ஒளிந்திருக்கும். அப்ருத்சோவில் கித்தாரா பாஸ்தா கேளுங்கள். மரச்சட்டத்தில் வரிசையாகக் கம்பி கட்டி, அதன்மேல் மாவை விரித்து உருளையால் அழுத்தி வெட்டுவது. வெறும் தக்காளிச் சாறோடு போதும். பில்லில் 'கொபெர்த்தோ' என்று தலைக்கு ஓரிரு யூரோ போட்டிருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது உட்கார்ந்ததற்கான காசு. காபியை நின்றபடி குடித்தால் மலிவு.

காகித ரயில் டிக்கெட் என்றால் ஏறுமுன் பிளாட்பார மெஷினில் முத்திரை குத்திவிடுங்கள். ஒருமுறை மறந்துபோய் நான் அபராதம் கட்டியிருக்கிறேன். கார் எடுக்காதீர்கள். பழைய ஊர்களுக்குள் வெளிவண்டி நுழையத் தடை இருக்கும், கேமரா படம் பிடித்துவிடும், நோட்டீஸ் மாதங்கள் கழித்துக் கோவைக்கே வரும். ஆகஸ்டும் வேண்டாம், பாதிக் கடை விடுமுறையில் இருக்கும்.

முழங்காலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மலையூர்கள் எல்லாமே படிதான். ஆனால் சுல்மோனாவின் வீதி சமதளம், அம்மா தாராளமாக நடக்கலாம். முடிந்தால் ஈஸ்டருக்குப் போங்கள். அன்று பகல் பன்னிரண்டு மணி வாக்கில், 1256-ல் கட்டிய கால்வாய் வளைவுகளை ஒட்டிய பெரிய சதுக்கத்தில், கறுப்புத் துக்க உடையில் மாதா சிலையைத் தோளில் சுமந்து மெதுவாக வருவார்கள். எதிரே உயிர்த்தெழுந்த மகன். பாதி வழியில் சுமப்பவர்கள் சட்டென்று ஓடத் தொடங்குவார்கள், கறுப்பு அங்கி கழன்று விழும், உள்ளே பச்சை உடை, புறாக்கள் பறக்கும். அங்கி சிக்கிக்கொண்டால் அந்த வருடம் நல்லதில்லை என்பார்கள். ஆகவே ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அறையை இப்போதே பிடித்துவிடுங்கள், அந்த ஒரு வாரம் மட்டும் சுல்மோனாவில் இடம் கிடைக்காது.